எந்திரம்

இயங்குவதால்தான் இயந்திரம் என்று அண்மையில் ஒரு மேடையில் கேட்டேன். காதுக்கு இனிமையான விளக்கம், ஆனால் தவறு. சொல் வடமொழி ‘யந்த்ர’. அடக்கு, பிடித்து நிறுத்து என்ற பொருள் தரும் ‘யம்’ வேரில் பிறந்தது. நியமத்துக்கும் அதே வேர். வேதகாலத்தில் கட்டுக்கும் கடிவாளத்துக்கும் வழங்கிய சொல், பிறகு விசையை அடக்கி வேலை வாங்கும் கருவிக்கு ஆகிவந்தது. அர்த்தசாஸ்திரம் போர்க் கருவிகளை நிலையான யந்திரம், நகரும் யந்திரம் என்று பிரிக்கிறது. 11ஆம் நூற்றாண்டுப் போஜனின் ‘சமராங்கண சூத்திரதார’த்தில் நீரிறைப்பதிலிருந்து பறக்கும் மரப்பறவை வரை எல்லாம் யந்திரமே. (பறந்ததா என்று கேட்காதீர்கள்.) டெல்லி ஜந்தர் மந்தரின் ‘ஜந்தர்’ இதன் திரிபுதான். தமிழுக்கும் இது நேற்று வந்த சொல்லல்ல. புறநானூற்றிலும் பதிற்றுப்பத்திலும் கரும்பு பிழியும் ஆலைக்கு எந்திரம் என்று பெயர். என் பாட்டி உளுந்து உடைத்த திருகைக்கல்லும் ‘ஏந்திரம்’தான். இன்று கடையில் யந்திரம் கேட்டால் செப்புத் தகடு நீட்டுகிறார்கள்! கருவிக்கு நம் சொந்தச் சொல் ‘பொறி’. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை மதிலின் போர்க் கருவிகளுக்கும் அதுவே பெயர். ஆனால் தீப்பொறி, ஐம்பொறி, எலிப்பொறி, புலிப்பொறி என்று அதற்குச் சுமை அதிகம். பொறியாளர், பொறியியல் என்று துறைக்கு அது நன்றாக நிலைத்துவிட்டது; கருவிக்கு எந்திரமே இருக்கட்டும் என்பது என் கட்சி.