கொதிகலத்தின் துவாரம்

19ஆம் நூற்றாண்டுக் கொதிகலங்களிலே, ஆள் உட்புகுந்து துப்புரவு செய்தற்கென வெட்டிய வாயில் சில வேளைகளில் யமனுக்கும் வாயிலாயிற்று. வெடிப்புகளைத் தடுக்கும் பொருட்டு 1854இல் மான்செஸ்டர் நகரில் வில்லியம் பெயர்பேர்ண் முதலியோர் ஒரு சங்கம் நிறுவிக் கலங்களைச் சோதிப்பித்தனர். எனினும், துவாரத்தின் விளிம்பு முதலிற் கிழிவதேன் என்பதைக் கணிதத்தால் விளக்கியவர் 1898இல் ஜெர்மானியப் பொறியியலாளர் கிர்ஷ் ஆவர். ஒரு திசையில் இழுக்கப்படும் அகன்ற தகட்டில், வட்டத் துளையின் விளிம்பு மும்மடங்கு தகைப்புக்கு உள்ளாகின்றது. உருளைக் கலத்திலோ, நெடுக்குத் தகைப்பு சுற்றுத் தகைப்பிற் பாதியாதலின், அஃது இரண்டரை மடங்காகும். துளை சிறுத்தாலும் இம்மடங்கு குறைவதில்லை, வியப்பு அதுவே.

பரிகாரமோ எளிது. வெட்டியெடுத்த உலோகத்தின் குறுக்குப் பரப்பை, விளிம்பையொட்டி வளையத் தகடாகவோ தடித்த குழாய்க் கழுத்தாகவோ ஈடுசெய்தல் வேண்டும். கலத்தின் சுவர் தேவைக்கு மேல் தடித்திருப்பின் அம்மிகையும் கணக்கிற் சேரும். விளிம்பைவிட்டு எட்ட வைத்த உலோகம் பாரத்தைப் பகிராது. அதனாலேயே அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் விதிக்கோவை அதற்கோர் எல்லை வகுத்துள்ளது.