ஆண்ட்ரமீடா எவ்வளவு தூரம்? மணிக்கு 30 சென்ட் சம்பளத்தில் பிறந்த அளவுகோல்

நிலா இல்லாத இரவில், விளக்கு வெளிச்சம் இல்லாத இடத்தில் நின்றால் ஆண்ட்ரமீடா வெறும் கண்ணுக்கே தெரியும். லேசான வெண்புகை மாதிரி இருக்கும். பாரசீக வானியலாளர் அல்-சூஃபி கி.பி. 964-லேயே இதைச் சிறு மேகம் என்று எழுதி வைத்துவிட்டார். ஆனால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க இன்னும் சுமார் 960 வருடங்கள் ஆயின.

1920 ஏப்ரலில் வாஷிங்டனில் இதைப் பற்றி ஒரு விவாதம் நடந்தது. நம் பால்வீதி 3 லட்சம் ஒளியாண்டு அகலம், இந்தச் சுருள் மேகங்கள் தனி உலகங்கள் அல்ல என்றார் ஹார்லோ ஷாப்லி. இல்லை, ஒவ்வொன்றும் ஒரு தனி காலக்ஸி என்றார் ஹீபர் கர்டிஸ். முடிவு கிடைக்கவில்லை. காரணம், சுருள் மேகத்தின் தூரத்தை யாரும் சரியாக அளக்கவில்லை.

ஆனால் அளவுகோல் ஏற்கனவே தயாராக இருந்தது! ஹார்வர்டு வானாய்வகத்தில் புகைப்படக் கண்ணாடித் தகடுகளை ஆராயும் வேலையில் இருந்தவர் ஹென்ரியெட்டா லீவிட். சம்பளம் மணிக்கு 30 சென்ட். சிறிய மெகல்லானிக் மேகத்தில் ஒளி கூடிக் குறையும் 25 விண்மீன்களை எடுத்துக்கொண்டு, பிரகாசம் அதிகமானால் துடிக்கும் காலமும் அதிகம் என்று 1912-ல் காட்டினார். எல்லாம் ஒரே மேகத்தில், ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பதால் இந்த ஒப்பீடு செல்லும். அந்தக் கட்டுரை வெளிவந்தது இயக்குநர் பிக்கரிங் பெயரில். தயாரித்தது மிஸ் லீவிட் என்று முதல் வரியில் மட்டும் ஒரு குறிப்பு.

இதனால் என்ன பயன்? ஒரு பல்பு எத்தனை வாட் என்று தெரிந்தால், அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்தே தூரத்தைச் சொல்லிவிடலாம். விண்மீனின் துடிப்புக் காலம்தான் இங்கே வாட்.

1923 அக்டோபரில் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் எட்வின் ஹப்பிள் ஆண்ட்ரமீடாவைப் படமெடுத்தார். நோவா என்று குறித்த ஒரு புள்ளி, பழைய தகடுகளோடு ஒப்பிட்டபோது லீவிட் சொன்ன வகை விண்மீன் என்று தெரிந்தது. துடிப்புக் காலம் 31 நாள். கணக்குப் போட்டால் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. ஷாப்லியின் பால்வீதிக்கும் வெகு வெளியே! இதில் வேடிக்கை, ஷாப்லி பால்வீதியை அளந்ததும் இதே அளவுகோலின் உதவியோடுதான்.

இவ்வகை விண்மீன்களில் இரண்டு இனம் உண்டு என்று 1952-ல் வால்டர் பாடே அறிவித்ததும் அந்தத் தூரம் இரண்டு மடங்கு ஆனது. இன்றைய கணக்கு சுமார் 25 லட்சம் ஒளியாண்டு.

இதையெல்லாம் பார்க்க லீவிட் இல்லை. 1921 டிசம்பரில் புற்றுநோயால் இறந்துவிட்டார். அது தெரியாமல், நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கும் எண்ணத்தோடு 1925-ல் சுவீடன் கணித அறிஞர் மிட்டாக்-லெஃப்லர் அவருக்குக் கடிதம் எழுதினார்.

ஆண்ட்ரமீடா என்றதும் எல்லோரும் ஹப்பிள் பெயரைத்தான் சொல்கிறோம். இனிமேல் லீவிட் பெயரையும் சேர்த்துச் சொல்லலாமே நண்பர்களே!