கவர்னர் வீட்டு கேட்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி கிண்டியில் இறங்கி, சர்தார் படேல் ரோடு பக்கம் திரும்பினால் சட்டென்று ஒரு நிழல். அந்த நிழலுக்குள் ஒரு வீடு. ராஜ்பவன் என்று நமக்கெல்லாம் பழகிப்போன கவர்னர் மாளிகை. இருபது வருஷமாக அந்த கேட்டை நான் பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருக்கிறேன்.

ஒரு நவராத்திரிக்குப் பொதுஜனங்களையும் கொலு பார்க்க உள்ளே விட்டார்கள். பக்கத்து வீட்டு ரிடையர்டு சரித்திர வாத்தியார் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நான் பி.காம். டெபிட், கிரெடிட் தாண்டி சரித்திரம் அவ்வளவாகத் தெரியாது. எல்லோரும் பொம்மையைப் பார்க்க, அவர் மட்டும் தூணையும் சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

''ஆரம்பத்துல இது சர்க்கார் வீடே இல்ல, தெரியுமோ?'' என்றார்.

1670-களில் கோட்டை கவர்னராக இருந்த வில்லியம் லாங்ஹார்ன், பரங்கிமலைப் பக்கம் காட்டைத் திருத்தித் தனக்கென்று கட்டிக்கொண்ட தோட்ட வீடு இது. 1678-ல் பதவி முடிந்ததும் சின்ன வெங்கடாத்ரி என்ற வியாபாரிக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார். பிறகு பல கை மாறி, 1821-ல் சர்க்கார் இந்த எஸ்டேட்டை வாங்கியது. விலை 35,000 ரூபாய்! இன்றைய கிண்டியில் அந்தப் பணத்துக்குக் கால் வைத்து நிற்க இடம் கிடைத்தால் பெரிய விஷயம். அப்போது கவர்னர், தாமஸ் மன்றோ. தீவுத்திடல் பக்கம் சேணமில்லாத குதிரையில் இன்றும் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான்.

அதற்குப் பிறகும் இது ஓய்வெடுக்க வரும் வீடுதான். கவர்னரின் அசல் ஜாகை மவுண்ட் ரோடில் இருந்தது. 1753-ல் மெதிரோஸ் குடும்பத்திடம் கம்பெனி வாங்கிய மாளிகை. சுதந்திரத்தை ஒட்டித்தான் கவர்னர்கள் கிண்டிக்கே குடிவந்தார்கள். மவுண்ட் ரோடு மாளிகை என்ன ஆயிற்று? புதிய சட்டமன்ற வளாகத்துக்காக இடித்துவிட்டார்கள். 2010-ல் திறந்த அந்த வளாகமும் 2014-ல் ஆஸ்பத்திரியானது. அசல் வீடு போய்விட்டது. லீவுக்கு வரும் வீடு நிற்கிறது!

வீடு மட்டுமா நிற்கிறது? என் பி.காம். புத்தி கணக்குப் போட்டது. 1910-ல் இங்கே ரிசர்வ் காடாக அறிவித்த நிலம் சுமார் 505 ஹெக்டேர். அதில் ஐ.ஐ.டி.க்குக் கொஞ்சம், சிறுவர் பூங்காவுக்குக் கொஞ்சம், தலைவர்களின் நினைவிடங்களுக்குக் கொஞ்சம் என்று பிரிந்துபோய், 1978-ல் தேசியப் பூங்காவானது சுமார் 270 ஹெக்டேர். பாதிக்குச் சற்று மேல். அதில்தான் வெளிமானும் புள்ளிமானும் நரியும் நகரத்தின் நடுவே பிழைத்துக்கிடக்கின்றன.

வெளியே வரும்போது கேட்டேன். ''ஒருத்தர் குடியிருக்க இவ்வளவு இடமா சார்? அநியாயமா இல்ல?''

''அநியாயம்தான்'' என்றார். ''நம்ம தெரு பேரு என்ன?''

''ஏரிக்கரைத் தெரு.''

''ஏரி எங்கே?''

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த ஏரிக்கு கேட் கிடையாது. துப்பாக்கியோடு காவல் கிடையாது. ஊருக்கே பொதுவாக இருந்தது. ஆளுக்கு அரை கிரவுண்டாகப் பங்கு போட்டுக்கொண்டோம். என் வீடும் அதில் ஒன்று. 2015 டிசம்பர் மழையில், தண்ணீர் தன் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு எங்கள் ஹாலுக்குள் வந்து நாலு நாள் தங்கிவிட்டுப் போனது.

யாரோ ஒரு துரை தன் சுகத்துக்காகப் பூட்டி வைத்த காடு மிஞ்சியது. நமக்குச் சொந்தமான ஏரி மிஞ்சவில்லை. கேட்டைத் திறந்துவிட வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால், திறந்தால் நம்மிடமிருந்து அதை யார் காப்பாற்றுவது?

தாம்பரம் வந்து சேரும்வரை யோசித்தேன். கணக்கு டேலி ஆகவில்லை.