பச்சைப் பாலும் நஞ்சில்லா உணவும்: பினாங்குத் தமிழ்க் குடும்பங்களின் உணவுத் தெரிவு

குடும்ப நலத்திற்கு உகந்த உணவு எது என்னும் வினா பினாங்குத் தமிழரிடையே எழும்போது, ‘இயற்கை’ என்ற ஒரு சொல்லின் நிழலில் இரண்டு கோரிக்கைகள் சேர்ந்தே ஒதுங்குகின்றன. பாலைக் காய்ச்சாமல் கறந்தபடியே குடிக்க வேண்டும் என்பது ஒன்று. இரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் படாமல் விளைந்ததையே உண்ண வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருவரே ஒரே மூச்சில் சொல்வதால், ஒன்றை ஏற்பவர் மற்றதையும் ஏற்க வேண்டும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. ஆனால் முதலாவது தமிழர் அடுக்களை மரபில் இடம்பெறாதது, மருத்துவச் சான்றால் மறுக்கப்பட்டது. இரண்டாவதோ மலேசியத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பட்ட துன்பத்தால் நியாயம் பெற்றது, பினாங்கிலிருந்தே உலகுக்கு எடுத்துரைக்கப்பட்டது. இவ்விரண்டையும் பிரித்து எடைபோட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

‘பச்சைப் பால்’ என்பது கறந்து இன்னும் அடுப்பேறாத பால். பச்சைத் தண்ணீர், பச்சைக் காய்கறி என்பவற்றில் போலவே இங்கும் ‘பச்சை’ என்னும் அடை தீப்படாமையைக் குறிக்கிறது. தமிழர் வழக்கில் அப்பால் முதலில் இறைவனுக்கு உரியது. அபிடேகத்திற்குக் காய்ச்சாத பாலே ஏற்றது என்பதனால்தான் தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிற்படிகளில் ஏறும் பால்குடங்களுக்குப் பச்சைப் பால் தேடப்படுகிறது. மனிதர் குடிக்கும் பாலோ காய்ச்சிய பால். புதுமனை புகுவோர் முதலில் செய்வது பால் காய்ச்சுதல். தைத்திருநாளில் பானை பொங்கி வழிவதே மங்கலம். தயிருக்கு உறை ஊற்றுவதற்கும் பாலைக் காய்ச்சி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவைக்க வேண்டும். மலாயா நகரங்களில் மாடு வளர்த்து, வாசல்தோறும் பால் அளந்து ஊற்றிய தமிழரும் சீக்கியரும் கொண்டுவந்த பால், வீட்டுக்குள் வந்ததும் நேரே அடுப்புக்குத்தான் போயிற்று. ஏடு படர்ந்து, நுரை விளிம்புக்கு எழுந்ததும் தீயைத் தணித்து, கரண்டியால் ஒருமுறை கிளறி, மீண்டும் பொங்கவிட்டு இறக்குவது தாய்மார்களின் கைப்பழக்கம். ஏட்டுக்கடியில் ஆவி அடைபடுவதால் பால் முழுக் கொதியை எட்டுமுன்னரே மேலெழும்பிவிடும். ஆகவே அந்த இரண்டாம் பொங்கல் வெறும் சடங்கன்று, நுட்பமான அறிவு. பச்சைப் பாலை முன்னோர் மரபு என்று போற்றுவோர் இந்த அடுப்பை மறந்துவிடுகின்றனர்.

பாச்சர்முறைச் சூடாக்கம் என்பது இதே அறிவின் அளந்தறிந்த வடிவமே. பாலை 63 பாகை செல்சியசில் 30 நிமிடமோ, 72 பாகையில் 15 நொடியோ வைத்திருந்து உடனே குளிர்விப்பதால், சுவை அதிகம் மாறாமல், நோய்தரும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. காசநோயின் ஒருவகைக் கிருமி, சால்மோனெல்லா, லிஸ்டீரியா, காம்பிலோபாக்டர், புரூசெல்லா ஆகிய யாவும் நலமாகத் தோன்றும் மாட்டின் அல்லது ஆட்டின் பாலிலும் இருக்கக்கூடும். கறப்பவர் கை எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், மடிக்குள்ளிருந்தே வரும் கிருமியை அத்தூய்மை தடுக்காது. இதுவே பச்சைப் பால் பற்றிய விவாதத்தில் பெரிதும் கவனிக்கப்படாத உண்மை.

இவ்வுண்மைக்குப் பினாங்கே சான்று தந்திருக்கிறது. வெப்பமண்டல மருத்துவத்திற்கான அமெரிக்க ஆய்விதழில் 2015ஆம் ஆண்டு வெளிவந்த மருத்துவர்களின் அறிக்கை ஒன்று, அதுவரை பினாங்கு கண்டவற்றுள் மிகப்பெரிய புரூசெல்லா நோய்ப் பரவலைப் பதிவுசெய்தது. முதலில் நோயுற்றவர் ஓர் ஆட்டுப் பண்ணையின் உரிமையாளர். காய்ச்சாத ஆட்டுப்பாலைத் தாமும் குடித்து, பொதுமக்களுக்கும் விற்றவர். மூன்று வாரக் காய்ச்சல், தலைவலி, கடும் சோர்வு, பசியின்மை, மிகுந்த வியர்வை ஆகியவற்றோடு வந்த அவருக்கு டெங்கி, மலேரியா, எலிக்காய்ச்சல் முதலியவற்றுக்கான சோதனைகள் செய்யப்பட்டன. அவற்றுள் எதுவும் இல்லை. இரத்த வளர்ப்புச் சோதனையிலும் எதுவும் வளரவில்லை. அவர் வாழ்முறையை விசாரித்தறிந்த பின்னரே புரூசெல்லாவுக்கான சோதனை செய்யப்பட்டு நோய் உறுதியாயிற்று. அதைத் தொடர்ந்த ஓராண்டில், அதே பண்ணையின் பாலை வாங்கிக் குடித்த 79 பேருக்கு அந்நோய் கண்டறியப்பட்டது. நோயாளிகளின் இரத்த மாதிரிகளைக் கையாண்ட ஆய்வுக்கூட ஊழியர் நால்வரும் நோயுற்றனர். பாலைத் தொடாதவர்களையும் அது விட்டுவைக்கவில்லை.

அவ்வறிக்கையின் எண்களுள் நெஞ்சைத் தொடுவது 53. நோய்க்குறி தோன்றிய நாளிலிருந்து நோய் இன்னதென்று அறிய ஆன நாட்களின் சராசரி அது. மிகுதியாக ஆனது 210 நாட்கள். புரூசெல்லா நோய் ‘அலைக்காய்ச்சல்’ என்றும் சொல்லப்படுவதுண்டு. காய்ச்சல் ஏறியும் இறங்கியும் வாரக்கணக்கில் நீடிக்க, மூட்டும் முதுகும் வலிக்க, உடல் மெல்ல மெல்ல ஓய்ந்துபோகும். பினாங்கில் அது வழக்கமாகக் காணப்படும் நோயன்று என்பதால், ஆட்டுப்பால் குடித்ததை நோயாளியும் சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை. இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஆறு வாரம் உட்கொள்வதே பெரும்பாலோருக்கு முதல் சிகிச்சையாக இருந்தது; அதற்குப் பின்னரும் மூன்றிலொரு பங்கினருக்குப் பின்விளைவுகள் எஞ்சின, 21 விழுக்காட்டினருக்கு நோய் மீண்டது. ஆஸ்துமாவுக்கும் உடல் தளர்ச்சிக்கும் ஆட்டுப்பால் நல்லது என்ற நம்பிக்கையில், நலம் தேடுவோர் வாங்குவது அப்பால் என்பதை எண்ணினால், இத்துயரத்தின் கனம் விளங்கும்.

இந்நோயின் வரலாறும் இதையே கூறுகிறது. மால்டா தீவில் பிரித்தானியப் படையினரை வாட்டிய காய்ச்சலின் கிருமியை 1887இல் டேவிட் புரூஸ் பிரித்தெடுத்தார். 1905இல் மால்டாவைச் சேர்ந்த மருத்துவர் தெமிஸ்தோக்கிலஸ் சமித், நோயின் அடையாளமே இல்லாத ஆடுகளின் உடலில் அக்கிருமி இருப்பதைக் காட்டினார். மறு ஆண்டு படையினரின் உணவிலிருந்து ஆட்டுப்பால் நீக்கப்பட்டதும் அவர்களிடையே காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. பச்சைப் பாலைக் கைவிடாத பொதுமக்களிடையே அது பல பத்தாண்டுகள் நீடித்தது.

பச்சைப் பாலுக்காகச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று மட்டும் பொறுமையாக ஆராயத்தக்கது. ஐரோப்பாவில் பண்ணைகளில் வளரும் குழந்தைகளிடம் ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் குறைவாக இருப்பதை ஆய்வுகள் கண்டன. 2011இல் வெளிவந்த ‘கேப்ரியேலா’ ஆய்வு, காய்ச்சாத பண்ணைப் பாலுக்கும் இக்குறைவுக்கும் தொடர்பு இருப்பதையும், பாலின் மோர்ப்புரதங்கள் அதில் பங்கு வகிக்கக்கூடும் என்பதையும் சுட்டியது. இது மறைக்கத்தக்க செய்தியன்று. எனினும் கிருமி அபாயம் கருதி, காய்ச்சாத பாலை இப்போது பரிந்துரைக்க இயலாது என்பதே அந்த ஆய்வாளர்களின் நிலைப்பாடு. ஏனைய காரணங்கள் அவ்வளவு வலுவுடையன அல்ல. பாற்சர்க்கரை செரியாதோர்க்குப் பச்சைப் பால் ஒத்துக்கொள்ளும் என்ற கூற்றை 2014இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு சோதித்து, அப்பாலால் தொல்லை குறையவில்லை என்று கண்டது. சூட்டால் சிறிது குறையும் வைட்டமின் சி, பாலை நம்பி எவரும் பெறும் சத்தன்று. ஒரு கொய்யாப்பழம் அதைவிடப் பன்மடங்கு தரும்.

அப்படியிருந்தும் மக்கள் பச்சைப் பாலை நாடுவது ஏன் என்று கேட்டால், தொழிற்சாலைப் பாலின் மீதுள்ள ஐயமே விடையாகக் கிடைக்கிறது. அந்த ஐயம் ஆதாரமற்றதன்று. நெஸ்லே நிறுவனம் மலாயாவில் 1912இல், ஆங்கிலோ-சுவிஸ் சுண்டிய பால் நிறுவனம் என்ற பெயரில், பினாங்கில்தான் கால் பதித்தது. இனிப்புக் கலந்த டின் பால் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் குழந்தைகளுக்குப் புகட்டப்பட்ட கொடுமையை, 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் ஆற்றிய உரை துணிவோடு வெளிப்படுத்தியது. தாய்ப்பால் செயற்பாட்டுக்கான உலகக் கூட்டணி 1991இல் தோன்றியபோது அதன் செயலகம் பினாங்கிலேயே அமைந்ததும், உலகத் தாய்ப்பால் வாரம் மறு ஆண்டிலிருந்து இங்கிருந்தே ஒருங்கிணைக்கப்படுவதும் இவ்வூருக்குப் பெருமை. இன்றும் தே தாரேயில் ஊற்றப்படும் டின்கள் பலவற்றில் இருப்பது பாலன்று; பாலின் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய் சேர்ந்த இனிப்புக் கிரீமர். இத்தகைய டின்களை ஒதுக்குவது சரி. ஆனால் டின் பாலின் குறைக்குப் பச்சைப் பால் தீர்வாகாது. இரண்டிற்கும் நடுவே, பசும்பாலை வாங்கி வீட்டில் காய்ச்சும் வழி எப்போதும் திறந்தே இருக்கிறது.

இயற்கை வேளாண்மை பற்றிய கோரிக்கைக்கு வேறொரு வேர் உண்டு. மலேசியத் தோட்டங்களில் களைக்கொல்லி தெளிக்கும் வேலையைத் தொழிலாளர்கள் ‘மருந்து அடிக்கிற வேலை’ என்றே சொல்லி வந்தனர். நஞ்சுக்கு மருந்து என்று பெயர் நிலைத்ததே ஒரு தலைமுறையின் அறியாமைக்கும், அந்த அறியாமையைப் போக்க எவரும் முற்படாததற்கும் சாட்சி. அவ்வேலையைச் செய்தோர் பெரும்பாலும் பெண்கள். அவர்களுள் தமிழ்ப் பெண்கள் மிகப் பலர். முதுகில் சுமந்த தோம்பிலிருந்து கசியும் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி, தோலைப் புண்ணாக்கும், நகத்தை உதிர்க்கும், மூக்கில் இரத்தம் வடியச் செய்யும். விழுங்கினால் அதற்கு மாற்று மருந்தே கிடையாது. பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான பன்னாட்டு வலையமைப்பு 1982இல் பினாங்கில் உருவாயிற்று. அதன் ஆசிய பசிபிக் கிளையும், ஐரீன் பெர்னாண்டஸ் நடத்திய தெனாகானித்தா அமைப்பும் இணைந்து தோட்டப் பெண்களின் நிலையை 2002இல் ஆய்வு நூலாக வெளியிட்டன. அதே ஆண்டு மலேசியா பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் தடை தளர்த்தப்பட்டது. 2020 சனவரி 1ஆம் நாள்தான் முழுத்தடை நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் விலையை அப்பெண்களின் உடல்கள் கொடுத்தன.

ஆகவே நஞ்சில்லா உணவைத் தெரிந்தெடுப்பதற்கான முதற்காரணம், அது உண்பவரை வலுவாக்கும் என்பதன்று. விளைவிப்பவரை அது வாட்டாது என்பதே. சத்து வேறுபாடு குறித்த சான்றுகள் இன்னும் ஒருமுகப்படவில்லை: ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2012இல் வேறுபாடு மிகக் குறைவு என்றனர்; 343 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் பிரித்தானிய ஊட்டச்சத்து ஆய்விதழில் வந்த கட்டுரை, இயற்கை வேளாண் பயிர்களில் உயிர்வளியேற்ற எதிர்ப்பொருள்கள் கூடுதலாகவும் காட்மியம் குறைவாகவும் இருப்பதாகவும், பூச்சிக்கொல்லி எச்சம் மற்றப் பயிர்களில் நான்கு மடங்கு அதிக முறை தென்படுவதாகவும் கண்டது. பாலைப் பற்றி 2016இல் அதே இதழில் வந்த தொகுப்பாய்வு, இயற்கைப் பண்ணைப் பாலில் ஒமேகா-3 கொழுப்பு ஏறத்தாழ 56 விழுக்காடு மிகுதி என்றது. மாடு பசும்புல் மேய்வதால் வரும் இந்த நன்மை, பாலைக் காய்ச்சுவதால் அழிந்துவிடுவதில்லை என்பது இங்கே முக்கியம்.

முத்திரைகளை வாசிப்பதிலும் கவனம் வேண்டும். பின்னர் ‘மைஆர்கானிக்’ என்று பெயர் பெற்ற மலேசிய அரசின் இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் எம்.எஸ். 1529 என்னும் தரநிலையை அடிப்படையாகக் கொண்டது. அத்தரநிலை தாவர உணவுகளுக்கென வகுக்கப்பட்டது. பால் புட்டியின் மீது கையால் எழுதி ஒட்டிய ‘இயற்கை’ என்ற சொல்லுக்கு அச்சான்றிதழின் பாதுகாப்பு இல்லை. சான்றிதழ் பெற்ற உணவின் விலையோ எளிய குடும்பங்களுக்கு எட்டாதது. அதனால்தான், எஸ்.எம். முகமது இத்ரிஸ் தம் இறுதிக்காலம் வரை தலைமையேற்று நடத்திய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் வீட்டுத் தோட்டத்தையும் பள்ளித் தோட்டத்தையும் வலியுறுத்தி வந்ததை, கடையில் விலையுயர்ந்த கீரை வாங்குவதைவிடப் பெரிய வழிகாட்டலாகக் கொள்ள வேண்டும். அடுக்குமாடி வீட்டின் நடைவழியில் நான்கு தொட்டிகளில் பசலையும் வெண்டையும் மிளகாயும் வளர்ப்பவருக்கு எந்த முத்திரையும் தேவையில்லை.

பாலைப் பொறுத்தவரை, பினாங்கில் ஆட்டுப்பாலும் பசும்பாலும் நேரடியாக விற்போர் மந்தைக்கு ஆண்டுதோறும் புரூசெல்லா சோதனை செய்வதும், ஒவ்வொரு புட்டியிலும் மலாய், சீனம், தமிழ் ஆகிய மும்மொழிகளிலும் ‘காய்ச்சிக் குடிக்கவும்’ என்று அச்சிடுவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். அந்த நாள் வரும்வரை, காய்ச்சல் இரண்டு வாரம் தாண்டினால், பச்சைப் பால் குடித்ததை நோயாளியே மருத்துவரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும்.