காவி அலையும் கொட்டியாரக் குடாவும்

கொட்டியாரக் குடாவின் தென்கரையிற் கிடக்கும் சம்பூர், திருகோணமலைத் துறைமுகத்தின் எதிர்க்கரையாகும். அத்துறைமுகத்தின்மீது பேரரசுகள் கண்வைத்த கதை பலரும் அறிந்தது. அதன் அயலில் எழுந்த வானலைகளும் அரசுகளிடையே வழக்காயின என்பது அத்துணை பேசப்படுவதில்லை.

மேற்கு ஜேர்மனியின் டொய்ச்சவெல நிறுவனம் 1984இல் திருகோணமலைக்கு வடக்கே அஞ்சல் நிலையமொன்றை இயக்கத் தொடங்கிற்று. சிற்றலைப் பரப்பிகளோடு, 1548 கிலோஹேட்ஸ் மத்திய அலையில் 400 கிலோவாற்றுப் பரப்பியொன்றும் அங்கு அமைந்தது.

வீச்சம் மாறாது செல்லும் காவி அலை, நிலையம் இயங்குகின்றது என்பதன்மேல் யாதும் உரைப்பதில்லை. பேச்சின் ஏற்றத்தாழ்வுக்கிசைய அதன் வீச்சத்தைப் பெருக்கியும் சிறுக்கியும் விடுதலே வீச்சப் பண்பேற்றம். அவ்வாறு செய்தவுடன் காவியின் இருமருங்கும் புதிய மீடிறன்கள் தோன்றும். 4 கிலோஹேட்ஸ் ஒலி 1544இலும் 1552இலும் பக்க அலைகளை எழுப்பும். செய்தி உறைவது இவற்றிலேயே. தனிச்சுருதியொன்றால் முழுமையாகப் பண்பேற்றினும், வலுவின் மூன்றில் இருபங்கு வெறுங்காவிக்கே போய்விடும். எஞ்சிய பங்கும் ஒரே செய்தியின் இரு படிகளாம்! பொறியியலார்க்கு இஃது ஊதாரித்தனம். ஆயின், ஏழையின் வானொலிப்பெட்டியை மலிவாக்கியது அவ்வூதாரித்தனமே. காவி உடன்வருதலால், இருவாயி ஒன்று அலையின் ஒருபாதியை வெட்ட, கொள்ளளவி ஒன்று முகடுகளின் வரம்பைத் தொடர, பேச்சு மீண்டுவிடும். கடல்நீர் நன்கு மின்கடத்துதலின், மத்திய அலை குடாவைக் கடக்கையில் அதிகம் தேய்வதுமில்லை.

எவரும் கேட்கத்தக்க இவ்வொலிபரப்பினை இந்தியா ஐயுற்றது. 1987 ஜூலை 29இல் இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களோடு இலங்கை செய்த உடன்பாடுகள் மீளாய்வு செய்யப்படும் என்றும், அவற்றின் வசதிகள் இராணுவ, உளவுத் தேவைகளுக்குப் பயன்படா என்றும் எழுதப்பட்டது. அவ்வையத்தை வெறும் அரசியற் கற்பனையென ஒதுக்கல் தகாது. சாதாரணப் பெட்டி அறிவது வீச்சத்தை மட்டுமே. அதே காவியின் அவத்தையிற் சிறு மாற்றங்களை ஏற்றினால், கேட்போர் காதுக்கு அவை புலப்படா. பிரித்தானிய நெட்டலை ஒலிபரப்பொன்றில் மின்மானிகளை ஆளும் குறிகள் இம்முறையிலேயே அனுப்பப்பட்டன. திருகோணமலையில் அவ்வாறு நிகழ்ந்தது என்பது நம் வாதமன்று; காதை மட்டும் சாட்சியாக வைத்து ஓர் அலைக்குத் தீர்ப்பு வழங்கவியலாது என்பதே.

பின்னர் 2010களில் ஜேர்மானியர் விலக, நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வசமாயிற்று. எதிர்க்கரைச் சம்பூர் மக்களோ 2006இன் போரில் ஊரிழந்து, 2015இன் பின்னரே படிப்படியாகத் திரும்பினர்.