பூ விழுந்த கண்

தோட்டத்திலே பிறந்து வளர்ந்த எவரிடமும் "பூ விழுந்த கண்" என்பதற்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. எம் சிறுபிராயத்தில் எங்கள் லயங்களில் அத்தகைய கண்ணுடையார் மூவர் இருந்தனர். அவர்களுள் ஒருவர் எம் தாய்மாமன். கவ்வாத்து வெட்டும்போது கத்தி பட்டுத் தெறித்த தேயிலைக் குச்சியொன்று அவரது வலக்கண்ணைக் கீறிற்று. கீறல் மிகச் சிறிது. ஒரு துளி இரத்தமும் வரவில்லை. மலையை விட்டு இறங்கினால் அரைப்பேராகிவிடும் என்று அஞ்சி, கண்ணைக் கசக்கிக்கொண்டே அன்றைய வேலையை முடித்தார். மாலையில் யாரோ பச்சிலைச் சாறு பிழிந்து விட்டனர். மறுநாள் தாய்ப்பால் விட்டனர். சில வாரங்களில் கருவிழியின் நடுவே மிளகளவு வெண்மை படிந்தது. அதுவே பூ. நோய்க்கு இத்துணை அழகிய பெயரை இட்டவர் யாரோ, அறியோம்.

அப்பூ விழும் இடம் எது, அவ்விடத்தின் அமைப்பை மனிதர் எவ்வாறு கண்டறிந்தனர், கண்டறிந்த அறிவு நம் மொழிக்கு வந்தும் நம் மலைக்கு வராமற் போனது எங்ஙனம் என்பவற்றைப் பெரியோர் முன்னும் எம்மொத்த இளைஞர் முன்னும் வைக்க விரும்புகின்றோம்.

கடிகாரத்தின் முகத்தை மூடி நிற்கும் கண்ணாடிபோலக் கண்ணின் முன்புறத்தை மூடி நிற்பது ஒரு தெளிந்த படலம். பாடசாலைப் புத்தகத்தில் அதற்கு விழிவெண்படலம் என்று பெயர். அப்பெயர் எமக்கு அன்றும் பிடித்ததில்லை, இன்றும் பிடிக்கவில்லை. அப்படலம் வெள்ளையாக இருந்தால் நாம் குருடர்! நிறமேயில்லாத அதனூடாகப் பின்னால் நிற்கும் கதிராளியின் கருமை தெரிவதனாலேதான் நம் பாட்டிமார் அதைக் கருவிழி என்கின்றனர். கதிராளியின் நடுவேயுள்ள துவாரம் கண்மணி. அதற்குப் பின்னே வில்லை. கண்ணின் உட்சுவரிலே ஒளியை வாங்கும் விழித்திரை. பூ விழுவது முன்னாலுள்ள படலத்திலே; முதுமையிற் புரை விழுவது உள்ளேயுள்ள வில்லையிலே. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, "மாமாவுக்கும் புரைதான், அறுத்தால் சரியாகிவிடும்" என்று சொல்வாரை இன்றும் காண்கின்றோம்.

ஆனால் இவ்விரண்டையும் வேறு பிரித்து அறிவது பேரறிஞர்களுக்கும் எளிதாயிருக்கவில்லை. சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரம் கண்ணை ஒரு நீர்க்குமிழிக்கு ஒப்பிட்டு, அதன் தசையை மண்ணுக்கும், செம்மையை நெருப்புக்கும், கருமையைக் காற்றுக்கும், வெண்மையை நீருக்கும், கண்ணீர் வழிகளை ஆகாயத்துக்கும் உரியனவாகக் கூறுகின்றது. அந்நூல் கண்ணோய்களை 76 என எண்ண, நம் சித்த வைத்திய நயனவிதி நூல்கள் 96 என எண்ணின. ஐரோப்பாவிலோ, கலென் என்னும் கிரேக்க வைத்தியர் வில்லையே பார்வையின் இருப்பிடம் என்று எழுதிவைக்க, ஆயிரத்து நானூறு ஆண்டுகள் அக்கருத்தே ஆட்சி செலுத்திற்று. உடலறுத்துப் பார்த்துப் புதுநெறி வகுத்த வெசாலியசும் 1543-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் வில்லையைக் கண்ணின் நடுமையத்திலேயே வரைந்தார். கண்முன் இருந்ததைவிட நூலில் இருந்ததே அவருக்கும் பெரிதாய்ப் பட்டதுபோலும். 1604-இல் கெப்ளர் என்னும் வானநூற் கணிதரே, வில்லை பார்ப்பதில்லை, ஒளியைக் குவிக்கின்றது, உருவம் தலைகீழாக விழித்திரையில் விழுகின்றது என்று நிறுவினார்.

வில்லையின் கதை இவ்வாறிருக்க, முன்படலத்தின் கதை பிந்தியே தொடங்கிற்று. தெளிவாய் இருப்பதைப் பார்ப்பதுதானே கடினம்? அதன் உட்புறத்தில் மெல்லிய தகடொன்று இருப்பதை 1758-இல் டெசெமே என்னும் பிரெஞ்சு வைத்தியர் விவரித்தார். முன்புறத் தோலுக்கு அடியில் மற்றொரு தகடு இருப்பதை 1847-இல் லண்டனில் வில்லியம் போமன் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு எடுத்துரைத்தார். ஹர்மிந்தர் சிங் துவா என்னும் இந்திய வைத்தியர் இங்கிலாந்தில் 2013-இல் இன்னுமொரு படையைக் கண்டதாக வெளியிட, அது தனிப்படைதானா என்று அறிஞர் வாதிட்டனர். அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள படலத்தில் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் வாதிட இடமிருக்கின்றது.

அதன் இழைய அமைப்பைச் சிறிது விரித்துச் சொல்வோம். மாமனின் கண்ணுக்கு நேர்ந்தது அதனால் விளங்கும். மேலே ஐந்தாறு அடுக்குக் கலங்களாலான மெல்லிய தோல். அது மட்டும் கீறுண்டால் ஓரிரு நாளில் வடுவின்றி ஆறிவிடும். அதன் அடியிற் போமன் கண்ட தகடு. அழிந்தால் அது மீண்டும் வளர்வதில்லை. அதற்குக் கீழே படலத்தின் பத்திலொன்பது பங்கான நடுப்படை. கொலாஜன் என்னும் புரதநார்கள் அங்கே இருநூறுக்கு மேற்பட்ட அடுக்குகளாகக் கிடக்கின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் நார்கள் ஒரே தடிப்பில், ஒரே இடைவெளியில், நெசவுப் பாவுபோல ஒழுங்காக நிற்கின்றன. தோலின் கீழும் இதே கொலாஜன்தான் உண்டு. ஆயினும் அங்கே நார்கள் ஒழுங்கின்றிப் பின்னிக் கிடப்பதால் ஒளி சிதறுகின்றது. கண்ணிலே அந்த ஒழுங்கே தெளிவுக்குக் காரணம். நடுப்படைக்குப் பின்னே டெசெமேயின் தகடு. கடைசியாக ஒரேயொரு வரிசைக் கலங்கள். இவ்வரிசை ஓயாது நீரை இறைத்து வெளியேற்றிக்கொண்டேயிருக்கும். அது நின்றால் படலம் ஊறி மங்கும். இக்கலங்கள் இறந்தால் அவ்விடத்துக்குப் புதியன பிறப்பதில்லை. அயலிலுள்ளவை சற்று அகன்று இடத்தை நிரப்பிக்கொள்ளும்.

இப்படலத்துள் இரத்தக் குழாய் ஒன்றுகூட இல்லை. காற்றிலிருந்து ஒட்சிசனையும் உள்ளிருக்கும் நீரிலிருந்து உணவையும் பெற்று அது வாழ்கின்றது. ஆகவேதான் மாமனின் கீறலில் இரத்தம் வரவில்லை. இரத்தமில்லாக் காயம் சிறுகாயம் என்று அவர் எண்ணினார். ஆனால் குச்சியிலும் இலையிலும் ஒட்டியிருக்கும் பூஞ்சணம் அக்கீறல் வழியே நடுப்படைக்குள் இறங்கக்கூடும். பிழிந்துவிட்ட சாறு அதற்கு மேலும் வழிசெய்யும். புண் ஆறும்போது புதிய நார்கள் பழைய ஒழுங்கில் அமைவதில்லை. ஒழுங்கு குலைந்த இடமே வெள்ளையாகத் தோன்றும் பூ.

போமன் லண்டனில் இதனை விளக்கிய அதே 1847-இல், சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் யாழ்ப்பாணம் வந்திறங்கினார். மிஷன் ஊழியராக வந்தவர். அவரது நோக்கம் மதமாற்றம். அதை மறைப்பதற்கில்லை, மறக்கவும் வேண்டியதில்லை. மிஷன் பாடசாலையில் நீறணிந்து சென்று படித்த எமக்கு, நோக்கத்தை ஒரு கையிலும் செய்த பணியை மறு கையிலும் வைத்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. பணி இதுதான்: ஆங்கிலத்திற் கற்ற மாணவர் வேலைதேடிப் பட்டினங்களுக்குச் செல்வதையும் கிராமங்கள் வைத்தியரின்றி இருப்பதையும் கண்ட கிறீன், 1864 முதல் மானிப்பாயிலே தமிழில் மேனாட்டு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். தமிழிலேயே பயின்று 33 பேர் வைத்தியராயினர். அவர்களுக்கென நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நூல்கள் தமிழில் எழுந்தன. ஒரு பொருளுக்கு முதலில் தமிழ்ச்சொல், இல்லையேல் வடசொல், அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் என்பது அவர் வகுத்த முறை. இரசாயன நூலுக்குக் "கெமிஸ்தம்" என்று பெயரிட்டதைப் பார்த்து இன்று சிலர் நகைப்பர். நகைப்பவர் ஒரு வைத்திய நூலையேனும் தமிழில் எழுதிக் காட்டுவாராக!

லண்டனில் 1858-இல் முதன்முதல் வெளிவந்த கிறேயின் உடற்கூற்று நூல், "மனுஷ அங்காதிபாதம்" என்னும் பெயரில் 1872-இல் தமிழில் வந்தது. அந்த ஆண்டை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டுகின்றோம். தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் வழியிலும் கோப்பித் தோட்டங்களிலும் நோயால் மடிவது பெரும் பழியாய் எழுந்தபின், அவர்களது வைத்தியத் தேவைகளுக்கென இலங்கை அரசு 14-ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியதும் அதே 1872-இலேதான். வடக்கே தமிழில் உடற்கூற்று நூல். மலையிலே தமிழ்த் தொழிலாளருக்கு வைத்தியச் சட்டம். ஒரே தீவில், ஒரே ஆண்டில். ஆயினும் சட்டத்தின் வழியே எம் முன்னோருக்கு வாய்த்த டிஸ்பென்சரியிற் போத்தலின் பெயரும் புத்தகத்தின் எழுத்தும் ஆங்கிலமாயிருந்தன. கிறீன் 1873-இல் நாடு திரும்பி, 1884-இற் காலமானார். தமிழில் வைத்தியம் கற்பிக்கும் முயற்சியும் பின்னர் நின்றுபோயிற்று. கண்ணிற் குச்சி பட்டால் சாறு விடாதே, கசக்காதே, அன்றே வைத்தியரிடம் செல் என்று சொல்வதற்குத் தமிழிற் சொல்லில்லாமற் போனதன்று. சொல்ல ஆளில்லாமற் போனது.

இனி, பூவை நீக்குதல் கூடுமா என்பது. கூடும். 1905-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், இன்று செக் நாட்டிலுள்ள ஒலோமோட்ஸ் நகரில், சுண்ணாம்பு பட்டுக் கண்ணிழந்த ஒரு கூலித்தொழிலாளிக்கு எடுவார்ட் சிர்ம் என்னும் வைத்தியர் வேறொருவரின் படலத்தைப் பொருத்தினார். ஒரு கண் தெளிந்தது. இரத்தக் குழாயில்லாத இழையம் ஆதலின், அன்னியரின் உறுப்பென்று உடல் அதை எளிதில் விலக்கிவிடுவதில்லை. வெற்றிலைச் சுண்ணாம்பு பிள்ளைகளின் கண்ணில் தெறிப்பதைப் பார்த்திருக்கும் நமக்கு அத்தொழிலாளி அன்னியரல்லர். பின்னர் ஒடெசாவில் பிலாத்தோவ் இறந்தோரின் கண்ணும் பயன்படும் என்று காட்டினார். 1945-இற் சென்னை எழும்பூர்க் கண் வைத்தியசாலையிற் கண் வங்கி ஏற்பட்டது.

நம் நாட்டிலோ, வைத்திய மாணவராயிருந்த ஹட்சன் சில்வா 1958-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை மூலம் கண்தானம் கேட்டார். அவருடைய தாயார் இறந்தபின் அவ்வம்மையாரின் படலங்களை ஓர் ஏழைக் கமக்காரருக்குப் பொருத்தினார். 1961-இற் கண்தானச் சங்கம் தோன்றியது. 1964-இல் இலங்கையின் கண்கள் பனிக்கட்டி இட்ட குடுவையிற் சிங்கப்பூருக்குப் பறந்தன. பின்னர் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றன. கண்களையே ஈந்த சிவி மன்னனின் சாதகக் கதை பௌத்த மக்களின் நெஞ்சில் இருந்தது இதற்குப் பெருந்துணையாயிற்று.

நமக்கும் கதையில்லாமலில்லை. காளத்தியிலே திண்ணனார் அம்பினால் தம் கண்ணைத் தோண்டி அப்பியதைச் சேக்கிழார் பாடி எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. முழுக்கண்ணையும் மாற்றி வைத்துப் பார்வை தரும் வித்தை இன்றும் மனிதருக்குக் கைவரவில்லை. 2023-இல் நியூயோர்க்கில் ஒருவருக்கு முழுக்கண்ணைப் பொருத்தினர். கண் உயிரோடிருந்தது, பார்வை வரவில்லை. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட நரம்பிழைகளை மீண்டும் இணைப்பது எளிதன்று. மனிதரால் இயல்வது முன்னிருக்கும் அந்த அரை மில்லிமீற்றரை மாற்றுவதே. அதற்கு முகம் சிதைய வேண்டியதில்லை. இறந்து சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், அவ்வளவே.

எம் மாமனுக்கு நாம் இவற்றையெல்லாம் சொன்னது அவரது அறுபத்தெட்டாம் வயதில். பல்கலைக்கழக விடுமுறையொன்றில், லயத்து இஸ்தோப்பில் அமர்ந்து, கரித்துண்டால் தரையிற் கண்ணை வரைந்து காட்டினோம். பொறுமையாகக் கேட்டார். "இந்தக் கண்ணுக்கு இனி என்னத்துக்குப்பா? போகட்டும். இடது கண் நல்லாத்தானே இருக்கு. நான் போனா அத எடுத்துக்கச் சொல்லு," என்றார்.

சென்ற ஆண்டு மார்கழியில் ஓர் இரவு அவர் காலமானார். யாம் கொழும்பிலிருந்து வந்து சேர விடிந்துவிட்டது. அவரது சொல்லை வீட்டார் மறக்கவில்லை. ஆனால் கண்ணில்லாமற் புதைத்தால் மறுபிறவியிற் குருடராய்ப் பிறப்பார் என்று ஒருவர் சொன்னார். கண்ணப்பர் குருடராகவா சிவனை அடைந்தார் என்று மற்றொருவர் கேட்டார். பெரியவர்கள் இரவு முழுதும் பேசினர். காலையில் எல்லோரும் சம்மதித்தனர். அப்போது எட்டு மணி நேரம் கடந்துவிட்டது. மாமனின் இடக்கண் அப்போதும் தெளிவாகவே இருந்தது.