சாவா மூவாப் பேராடு

டியூப் லைட் ஜோக் உங்களுக்குத் தெரிந்ததுதான். கோயிலுக்கு ஒருவர் விளக்கு வாங்கிக் கொடுப்பார். ‘உபயம்: இன்னார், தகப்பனார் நினைவாக’ என்று அதன்மேல் கறுப்பு பெயின்ட்டில் முழு நீளத்துக்கு எழுதிவிடுவார்கள். வெளிச்சம் வர இடமே இருக்காது!

சிரிக்கலாம். ஆனால் அந்தக் கறுப்பு எழுத்துக்கு ஆயிரம் வருஷத்துப் பரம்பரை உண்டு.

சோழர் காலக் கல்வெட்டுகளைப் பாருங்கள். செத்துப்போன உறவினரின் நினைவாக, புண்ணியத்துக்காக, கோயிலில் அணையாத விளக்கு எரிக்க ஏற்பாடு செய்திருப்பார்கள். வேட்டையில் கை தவறி ஓர் ஆளைக் கொன்றவனுக்கும் ஊர் கொடுத்த தண்டனை பல இடங்களில் இதுதான்: செத்தவன் பெயரால் ஒரு விளக்கு எரி. ராஜராஜன் காலத்தில் ஒரு விளக்குக்கான கணக்கு 96 ஆடு. மந்தையை இடையர் ஒருவரிடம் ஒப்படைப்பார்கள். அவர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழட்டு ஆடு சாகும், குட்டி பிறக்கும், எண்ணிக்கை மட்டும் குறையாது. அதனால் அந்த மந்தைக்கு ஓர் அருமையான பெயர் வைத்தார்கள் - ‘சாவா மூவாப் பேராடு’. சாகாது, கிழடாகாது. இன்றைய பாஷையில் சொன்னால் வைப்பு நிதி. முதலைத் தொடாதே, வட்டியில் விளக்கை எரி!

கோயில் வரை போக வசதியில்லாத ஊரிலும் நடுகல் இருந்தது. சேலம், தர்மபுரி, செங்கம் வட்டாரங்களில் அவை ஏராளம். மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன் பெயரைக் கல்லில் வெட்டி நட்டார்கள். ராஜா இல்லை, மந்திரி இல்லை. சாதாரண ஆள். ஆனாலும் பெயர் இருக்கிறது.

இந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை. சேலம் ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில். ரயிலை விட்டு இறங்கி ஊருக்குள் போனால், தண்ணீர்ப் பந்தல், பள்ளிக்கூட பெஞ்சு, மண்டபத்து மின்விசிறி என்று எதிலாவது ஒரு பெயர் கண்ணில் படும். பெரிய ஆஸ்பத்திரிக்கும் ஒரு பெயர் உண்டு. திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் குடும்பத்தைச் சேர்ந்த மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம் 1973-ல் டெல்லி விமான விபத்தில் இறந்துபோனார். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தக் கல்லூரி தொடங்கிய வருஷம் 1986.

அதே 1986-ல்தான் சென்னையில் இன்னொன்று நடந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, தன் பேராசிரியை சுனிதி சாலமன் சொன்னபடி ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூரில் பரிசோதித்தார்கள். ஆறு பெண்களின் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. இந்தியாவுக்குள் அந்தக் கிருமி வந்துவிட்டதற்கு முதல் சாட்சி. அந்த ஆறு பேரின் பெயரை வெளியிடவில்லை. வெளியிட்டிருக்கவும் கூடாது.

ஆனால் அடுத்து வந்த வருஷங்களில் பெயரை மறைப்பது நாடு முழுக்கப் பழக்கமாகிவிட்டது. அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று நாமக்கல். லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊர். விசித்திரம் என்னவென்றால், பெயர் எழுதுவதில் லாரிக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. முன் கண்ணாடிக்கு மேலே குலதெய்வம், பக்கவாட்டில் பிள்ளைகள், பின்னால் அப்பா அம்மா ஆசி. அப்படிப்பட்ட ஊரில் இந்த நோயால் ஒருவர் செத்தால் வீட்டில் என்ன சொன்னார்கள்? ‘காய்ச்சலுங்க’, ‘டி.பி.ங்க’, ‘மஞ்சக்காமாலை முத்திப் போச்சுங்க’. அவர் பெயரால் பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு கொடுத்திருக்கலாம். ஆனால் இதே நோயால் கஷ்டப்படும் இன்னொருவருக்கு அவர் பெயரால் மருந்து வாங்கிக் கொடுக்க முடியுமா? ‘ஏன் இதுக்குக் கொடுக்கறாங்க?’ என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவிடுவார்களே!

இந்தப் பயம் நமக்கு மட்டுமே உரியது என்று நினைக்க வேண்டாம். லண்டனிலும் இருந்தது. டெரன்ஸ் ஹிக்கின்ஸ் என்பவர் பகலில் நாடாளுமன்றத்தில் குறிப்பெடுப்பார். ராத்திரி ஒரு நடன கிளப்பில் வேலை. 1982 ஜூலை 4-ம் தேதி எய்ட்ஸால் இறந்தார். வயது 37. நோய் இன்னதென்று டாக்டர்களுக்கே சரியாகப் பிடிபடாத காலம். அவரோடு வாழ்ந்த துணைவரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். நோயின் பெயரையா வைத்தார்கள்? ம்ஹூம். செத்துப்போன நண்பன் பெயரை வைத்தார்கள்! நோய்க்கு ஒரு மனித முகம் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். டெரன்ஸ் ஹிக்கின்ஸ் டிரஸ்ட் இன்றும் இருக்கிறது. பிரியமானவர்களை இழந்தவர்கள், அவர்கள் நினைவாக அதற்கு நன்கொடை கொடுக்கிறார்கள்.

அமெரிக்காவில் இன்னும் பெரிதாகச் செய்தார்கள். கிளீவ் ஜோன்ஸ் என்பவர் கிளப்பிய யோசனை. செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஆறடி நீளம் மூன்றடி அகலத்தில், அதாவது ஒரு சவக்குழி அளவில், ஒரு துணி. அதில் பெயரைத் தைத்து, எல்லாத் துணிகளையும் இணைத்து ஒரே போர்வை. 1987 அக்டோபரில் வாஷிங்டன் மைதானத்தில் விரித்தபோது அதில் 1,920 துணிகள் இருந்தன. மறுவருஷம் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பார்க்க வந்தவர்கள் போட்ட காசு கிட்டத்தட்ட ஐந்து லட்சம் டாலர். எல்லாம் நோயாளிகளைக் கவனிக்கும் அமைப்புகளுக்குப் போனது. அந்தப் போர்வையிலும் சில துணிகளில் முழுப்பெயர் கிடையாது. குடும்பத்துக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்!

நம் ஊருக்குத் திரும்பலாம். இங்கேயும் துணிந்தவர்கள் இருந்தார்கள். சுனிதி சாலமன் 1993-ல் சென்னையில் எச்.ஐ.வி.க்கென்று ஒரு மையம் தொடங்கினார். பெயர், ஒய்.ஆர்.ஜி. கேர். கடைசி எழுத்து ‘ஜி’, கைடொண்டே. அது அவருடைய பிறந்த வீட்டுப் பெயர். நோயாளியைத் தொடவே பலர் தயங்கிய நாளில், குடும்பப் பெயரைக் கொண்டுவந்து போர்டில் மாட்டினார்.

நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி கொடுத்தது அதைவிடப் பெரிய உபயம். கல்யாணத்துக்குப் பிறகு, கணவர் மூலம் தொற்று. இதே கதையுள்ள எத்தனையோ பெண்கள் மூலையில் உட்கார்ந்த காலத்தில், சொந்தப் பெயரோடும் முகத்தோடும் மேடை ஏறினார். 1998-ல் சில பெண்களோடு சேர்ந்து, எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான கூட்டமைப்பை உருவாக்கினார்.

2009-ல் தமிழக அரசும் ஒரு காரியம் செய்தது. எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக 5 கோடி ரூபாய் வைப்பு நிதியோடு ஓர் அறக்கட்டளை. முதல் அப்படியே இருக்கும், வட்டி குழந்தைகளின் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? அதேதான். சாவா மூவாப் பேராடு!

சரி, பெயர்? 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டம், ஒருவருக்குத் தொற்று இருப்பதை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்கிறது. உயிரோடு இருப்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு அவசியம். இறந்தவரின் மனைவி, பிள்ளைகளையும் நினைக்க வேண்டும். பெயரை எழுது என்று யாரையும் நெருக்க நமக்கு உரிமை இல்லை.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புற்றுநோயில் போன பாட்டி, மாரடைப்பில் போன அப்பா, விபத்தில் போன தம்பி... இவர்கள் திதியன்று எச்.ஐ.வி. குழந்தைகளுக்கு ஒரு தொகை கொடுத்து, தைரியமாகப் பெயரையும் எழுதலாமே. நாலு வீட்டில் அப்படிக் கொடுத்தால் போதும், ‘ஏன் இதுக்குக் கொடுக்கறாங்க?’ என்ற கேள்விக்கே வேலை இல்லை. அப்புறம், இத்தனை வருஷம் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு வீட்டிலிருந்தும் ஒரு நாள் பணம் வரும். கூட்டத்தோடு கூட்டமாக அந்தப் பெயரும் பலகையில் ஏறும். எந்த நோயில் போனார் என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

கல்வெட்டில் விளக்கு வைத்தவர்களும், செத்தவர் என்ன நோயில் செத்தார் என்று எழுதவில்லை. ஆட்டின் எண்ணிக்கையையும் ஆளின் பெயரையும்தான் எழுதினார்கள்.